அரை மணிச் சாதகமும் ஆணவமும்

ஒகேனக்கல்லில் யாருக்கு எப்போது வேலை, எப்போது ஓய்வு என்பதைக் காவிரிதான் முடிவு செய்கிறது. நீர்வரத்து அளவோடு இருந்தால் பரிசல் ஓடும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கும் மீன் வறுத்துக் கொடுக்கிறவர்களுக்கும் பொழுது சாயும்வரை வேலை இருக்கும். கர்நாடக அணைகள் நிரம்பி வெள்ளம் வந்துவிட்டால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும்; அன்றைக்கு நேரம் நிறைய இருக்கும், காசு இருக்காது. இந்த ஊரிலோ பென்னாகரம் வட்டாரத்துச் சிற்றூர்களிலோ பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாரியம்மன் திருவிழாவிலும் ஆடிப்பெருக்கிலும் பம்பையோ தவிலோ நாதசுரமோ வாசிக்க விரும்புகிற ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்குச் சாதகம் செய்ய ஒரு நாளில் அரை மணி கிடைத்தால் பெரிது. கிடைத்த அரை மணியில் எதை வாசிப்பது, எதை விடுவது, எதை எத்தனை முறை திருப்பிச் சொல்வது என்று அவர் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். இங்கேதான் கேள்வி எழுகிறது. நம் மரபில் இசை வெறும் தொழில்திறன் அன்று, அது நாத உபாசனை. இறைவனுக்கு முன் நிற்கும் ஒரு முறை. அப்படியானால் உபாசனையில் சிக்கனம் பார்க்கலாமா? நேரத்தை அளந்து செலவிடும் மனம் வழிபடும் மனமாக இருக்க முடியுமா? முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கும் ஒரு படி மேலே சென்று, குறைந்த நேரத்தை நன்றாகப் பயன்படுத்தும் முறையும் ஆன்மிகச் சாதனை நம்மிடம் கேட்கும் ஒழுக்கமும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன என்றும் சொல்வேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுவதையும் கருவிக்கே கொடுத்தவர்தாம் உண்மையான சாதகர், மற்றவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. விடியுமுன் எழுந்து பல மணி நேரம் அசுர சாதகம் செய்த வித்வான்களின் கதைகள் இந்த எண்ணத்தை வளர்த்தன. ஆனால் அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று கதைகள் சொல்வதில்லை. இன்றைய தருமபுரிதான் சங்ககாலத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். யாழோடு திரிந்த பாணர்களுக்கு இவனைப் போன்ற வள்ளல்கள் சோறும் ஆடையும் கொடுத்ததால் அவர்கள் நாளெல்லாம் இசையோடு வாழ முடிந்தது. தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் கட்டி முடித்த இராசராசன், திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும் அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தினான்; ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். கோயில் ஆடல் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இவையெல்லாம் கல்வெட்டாகக் கோயில் சுவரிலேயே இருக்கின்றன. முழுநேர பக்திக்குப் பின்னால் நெல் இருந்தது, நெல்லுக்குப் பின்னால் நிலமும் அதில் உழுத கைகளும் இருந்தன. கோயில் மானியங்கள் தேய்ந்துபோன பிறகு அந்த நேரமும் தேய்ந்தது. இன்று அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் தேவாரமும் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. படித்து வெளியே வருகிற இளைஞர் பிழைப்புக்கு இன்னொரு வேலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நேரக் குறைவு அவருடைய பக்திக் குறைவுக்கு அடையாளமாகாது. நேரம் என்பது ஒரு சமூக ஏற்பாடு. அந்த ஏற்பாடு கிடைத்தவருக்கு அதையே புண்ணியமாக எழுதி வைப்பதும், கிடைக்காதவரை இரண்டாந்தரச் சாதகராக எண்ணுவதும் நியாயமல்ல.

இனி அரை மணிக்கு வருவோம். அந்த நேரம் பெரும்பாலும் எப்படி வீணாகிறது? கருவியைக் கையில் எடுத்ததும் நன்றாகத் தெரிந்த உருப்படியைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறோம். சரணத்தில் ஒரு சங்கதி உடைகிறது. ஒரு கணம் முகம் சுளித்துவிட்டு மேலே போகிறோம். அல்லது மறுபடியும் பல்லவியிலிருந்தே தொடங்குகிறோம். உடைந்த இடம் அடுத்த முறையும் உடைகிறது. நேரம் முடிகிறது, நன்றாக வந்த பகுதி மேலும் நன்றாக வந்தது, வராதது வராமலேயே நின்றுவிட்டது. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 2009-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டியூக்கும் அவருடைய கூட்டாளிகளும் தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் ஷாஸ்டகோவிச்சின் இசைப்பகுதி ஒன்றைக் கொடுத்து, போதும் என்று அவர்களுக்கே தோன்றும்வரை பழகச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்க வைத்துத் தரவரிசைப்படுத்தினார்கள். யார் அதிக நேரம் பழகினார், யார் அதிக முறை திருப்பி வாசித்தார் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. முன்னணியில் வந்தவர்களைப் பிரித்துக் காட்டியது வேறொன்று. அவர்களும் தவறு செய்தார்கள். ஆனால் தவறிய இடத்தை அப்போதே சரியாக அடையாளம் கண்டு, அங்கேயே நின்று, வேகத்தைக் குறைத்து, திருத்தமாக வரும்வரை அந்த இடத்தை மட்டும் பழகினார்கள். தவறை மறுபடி மறுபடி வாசித்துத் தவறையே உருவேற்றிக்கொள்ளும் பிழையை அவர்கள் செய்யவில்லை.

இந்த முடிவைச் சைவ சித்தாந்தம் தெரிந்த தமிழ் வாசகர் படித்தால் அவருக்கு இது பழகிய ஊராகத் தோன்றும். 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயனில், உயிரை மறைத்து நிற்கும் ஆணவ மலத்தைப் பற்றி ஒரு நுட்பமான வேறுபாடு சொல்லப்படுகிறது. சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும், தான் இருப்பதை மறைப்பதில்லை. இருட்டாக இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. கருவி பழகுகிறவரின் நிலை இதுதான். புதிதாக நேர்ந்த தவறு காதில் உறுத்தும். நூறு முறை வாசித்துப் பழகிய தவறு உறுத்துவதில்லை. அது வாசிப்பின் இயல்பாகவே ஆகிவிடுகிறது. தவில்காரரின் இடக்கைக் கழி ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரையின் நூலிழை அளவு முந்தி விழுந்தால், கொஞ்ச காலத்தில் அந்த முந்தலே அவருக்குச் சரியான காலமாகக் கேட்கும். தெரிந்ததையே வாசித்து மகிழும் சாதகத்தில் நடப்பது நாத உபாசனை என்று சொல்வதைவிட, வாசிப்பவர் தன்னைத் தானே உபாசித்துக்கொள்வது என்று சொல்வதே பொருந்தும். அதற்கு எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் ஆணவம் குறையாது. நேரம் கூடக்கூட அது வலுக்கவும் செய்யும். குறைந்த நேரத்தைத் தவறும் இடத்திலேயே செலவிட வேண்டும் என்ற முறை, தனக்குப் பிடிக்காத இடத்தில் போய் நிற்கச் சொல்கிறது. 'எனக்கு இது வரவில்லை' என்ற ஒப்புதலோடு தினமும் தொடங்கச் சொல்கிறது. பயிற்சியியலின் கண்ணுக்கு இது சிக்கனம். சித்தாந்தத்தின் கண்ணுக்கு இது மலத்தோடு நேருக்கு நேர் நிற்பது. இரண்டும் ஒரே செயல்.

நேரம் குறைவாக இருக்கும்போது அதை எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒகேனக்கல்லைக் கடந்து போகும் தண்ணீரே நல்ல உவமை. எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அந்தத் தண்ணீரைக் கன அடிக் கணக்கில் அளக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்த இடத்தில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்த்தது. 1934 முதல் இயங்கும் மேட்டூர் அணையில் 93.47 டி.எம்.சி. தேங்கும், டெல்டாவுக்கு ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் பற்றாத ஆண்டில் எல்லா ஆற்றிலும் ஒரே நேரத்தில் விட மாட்டார்கள். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவார்கள். மொத்த அளவு மாறவில்லை என்றாலும் பயிர் பிழைக்கிறது. ஏனென்றால் தண்ணீர் நின்ற நாள்களிலும் மண் ஈரத்தை வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்கிறது. சாதகமும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்றரை மணி நேரம் வாசிப்பதும் ஏழு நாளும் அரை மணி வாசிப்பதும் கணக்கில் சமம், பலனில் சமமல்ல. இடைவெளி விட்டுப் படித்தால் நினைவு நிலைக்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே காட்டினார். 2002-இல் மாத்யூ வாக்கரும் குழுவினரும் விரல் இயக்க வரிசை ஒன்றைப் பழகியவர்களைச் சோதித்தபோது, இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் மேற்கொண்டு பயிற்சி இல்லாமலே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்திருந்தது. அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. வாசிக்காத நேரமும் வேலை செய்கிறது. இதைப் பக்தியின் மொழியில் சொன்னால், நாம் செய்வது பாதி, நம் முயற்சி ஓய்ந்த பிறகு நடப்பது மீதி. இரண்டாவது பாதிக்கு நாம் உரிமை கொண்டாட முடியாது. முயற்சியையும் அருளையும் எதிரெதிராக நிறுத்தாத சமயங்களுக்கு இது புதிய செய்தியல்ல.

கருவியே கையில் இல்லாத நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாதசுரமும் தவிலும் சுவர் ஒட்டிய வீடுகளில் இரவு பத்து மணிக்கு எடுத்து வாசிக்கக் கூடியவை அல்ல. நாதசுரத்தில் உதடும் மூச்சும் சீவாளியும் ஓர் அளவுக்கு மேல் ஒத்துழைப்பதும் இல்லை. நம் தாள மரபு இதற்கு எப்போதோ வழி கண்டது. தவிலிலும் மிருதங்கத்திலும் கையில் வருவதற்கு முன் சொற்கட்டு வாயில் வர வேண்டும். கையால் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லிச் சொல்லிக் கணக்கை உடம்பில் ஏற்றுவார்கள். பரிசல் துறையில் அடுத்த சவாரிக்குக் காத்திருக்கும் கால் மணி இதற்குப் போதும். ஓசையில்லாமல் மனத்துக்குள்ளேயே வாசித்துப் பார்ப்பதும் பயிற்சிதான். அல்வாரோ பாஸ்குவல்-லியோன் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பியானோ விரல் வரிசையை மனத்தில் மட்டும் பழகியவர்களின் மூளையிலும், கருவியில் பழகியவர்களுடையதைப் போன்ற மாற்றம் காணப்பட்டது. விரல் திறனில் அவர்கள் பின்தங்கியிருந்தாலும், சிறிது நேரம் கருவியைத் தொட்டதும் அந்த இடைவெளி பெரிதும் குறைந்தது. வேலைக்கு நடுவே நடக்கும் வழிபாடு குறைந்த வழிபாடா என்று ஐயப்படுகிறவர்கள் ஆனாய நாயனாரை நினைக்கலாம். மழநாட்டுத் திருமங்கலத்து இடையர் அவர். பசுக்களை மேய்க்கும் வேலையை விட்டுவிட்டு அவர் குழல் வாசிக்கப் போகவில்லை. மேய்ச்சலுக்குப் போன காட்டில், பூத்துநின்ற கொன்றையைக் கண்டு, அங்கேயே திருவைந்தெழுத்தைக் குழலில் வாசித்தார். அறுபத்து மூவரில் அவருக்கு இடம் கிடைத்தது அந்த வாசிப்புக்காக. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரே சோழ அரசில் அமைச்சர் பொறுப்பு வகித்தவர் என்பது மரபு. அவர் ஆனாயரின் பக்தியைச் சொல்வதோடு நிறுத்தவில்லை. மூங்கிலைத் தேர்ந்து குழல் செய்யும் முறையையும், துளைகளில் விரல்கள் இயங்கும் முறையையும் விரிவாகச் சொல்கிறார். நுட்பத்தைப் பக்திக்கு வெளியே வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பது வணிகனின் குணம், பக்தன் கணக்குப் பார்ப்பதில்லை என்பது முதல் மறுப்பு. கேட்க அழகாக இருந்தாலும் நம் வழிபாட்டு முறைகளே இதை ஒப்புக்கொள்ளவில்லை. நாமாவளியில் 108 உண்டு, ஆயிரம் உண்டு. பெரிய சிவாலயங்களில் ஆறு கால பூசை உண்டு. அந்தந்த வேளைக்கு உரிய இராகங்களும் உண்டு. தியாகராஜர் (1767–1847) இருபத்தொரு ஆண்டுகளில் 96 கோடி ராம நாமம் சொல்லி முடித்தார் என்று மரபு கூறுகிறது. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம். இந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிற அதே மரபு கணக்கே கூடாது என்று சொல்ல முடியாது. எண்ணுவது அங்கே எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. மனம் நழுவாமல் இருக்க எண்ணுகிறார்கள். சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்து போக எண்ணுவதில்லை. சாதகத்துக்கும் இந்த அளவுகோலே போதும். நான்கு ஆவர்த்தம் பிசகாமல் வந்தால் அடுத்த இடத்துக்குப் போவேன் என்று ஒருவர் வைத்துக்கொள்ளும் கணக்கு கவனத்தைக் கூர்மையாக்குகிறது. இன்று முப்பது நிமிடம் ஆகிவிட்டது என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறவரின் கணக்கு கவனத்தைச் சிதறடிக்கிறது. மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது: கணக்கு எளிதில் எசமானனாகிவிடும். நாள் தவறாமல் குறித்து வைத்த பட்டியலையே சாதனை என்று நினைத்துக்கொள்வது எந்த விரதத்துக்கும் வரக்கூடிய நோய். சிக்கனம் நேரத்தில் இருக்கலாம், கவனத்தில் இருக்கக்கூடாது. இந்த எல்லையைக் காப்பாற்றும்வரை கணக்கு வழிபாட்டின் கருவிதான்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. என்னதான் சொன்னாலும் நீண்ட உழைப்பில்லாமல் கை வராது; அரை மணிக்கு நியாயம் கற்பிப்பது சோம்பலுக்குத் தத்துவம் எழுதுவதாகும் என்பார்கள். ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர் ஆய்வையும் காட்டலாம். அங்கே மிகச் சிறந்தவர்கள் பதினெட்டு வயதுக்குள் சராசரியாக 7,400 மணி நேரம் தனியாகப் பழகியிருந்தார்கள். இசையாசிரியர் படிப்பில் இருந்தவர்கள் பழகியது 3,400 மணி நேரம் அளவுக்கே. நேரத்துக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாளொன்றுக்கு அரை மணி என்றால் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 மணி நேரம்தான். அதைக் கொண்டு மார்கழிக் கச்சேரி மேடையை எட்டிவிடலாம் என்று ஆசை காட்டுவது ஏமாற்று வேலை. ஆனால் இதே துறையில் 2014-இல் புரூக் மெக்நமாராவும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசைத்திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பயிற்சி அளவு விளக்கியது 21 சதவீதம் மட்டுமே. அது சிறிய பங்கல்ல என்றாலும் முழுமையும் அல்ல. சமய நோக்கில் பார்த்தால் இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. பதஞ்சலி அப்பியாசம் உறுதிப்பட மூன்று நிபந்தனைகள் வைக்கிறார்: நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்தல். அவர் சொல்லும் நெடுங்காலத்தைப் பல ஆண்டுகள் என்று கொள்வதே பொருத்தம். ஒரு நாளுக்கு எத்தனை நாழிகை என்று அவர் வரையறுக்கவில்லை. அரை மணிக்காரர் இருபது ஆண்டு விடாமல் செய்தால் மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றியவர் ஆகிறார். மூன்று மாதம் நாளுக்கு ஆறு மணி நேரம் வாசித்துவிட்டுக் கருவியை உறைக்குள் போட்டவர் முதல் இரண்டிலும் தோற்றுவிடுகிறார். கலைஞனின் உச்சத்தை எட்டுவது வேறு, சாதனையின் தகுதியைப் பெறுவது வேறு. முதலாவதற்கு நேரம் வேண்டும், கொடுப்பினையும் வேண்டும். இரண்டாவதை எட்டும் வாய்ப்பு குறைந்த நேரம் உள்ளவருக்கும் அப்படியே திறந்திருக்கிறது.

மூன்றாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. கண்ணப்பர் ஆறே நாளில் முத்தி பெற்றார். ஆகம முறை தெரிந்த சிவகோசரியார் ஆண்டுக்கணக்கில் செய்த பூசையைவிட வேடனின் அன்பு உயர்ந்தது என்று இறைவனே காட்டினான். அப்படியிருக்க, முறையான சாதகம், தவறு திருத்துதல் என்ற பேச்செல்லாம் எதற்கு? உருகி வாசித்தால் போதாதா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கண்ணப்பரின் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவர் இறைச்சியைக் கொண்டுபோய் அப்படியே கொட்டிவிடவில்லை. பக்குவமாகச் சுட்டு, ஒவ்வொரு துண்டையும் பல்லால் மென்று சுவை பார்த்து, நல்லதைத் தேர்ந்து, மற்றதை ஒதுக்கினார். ஆகமம் தெரியாதவர்தான், கவனம் இல்லாதவர் அல்லர். படைக்கும் பொருள் நன்றாக இருக்கிறதா என்ற அக்கறை அவருடைய அன்பின் வடிவமாகவே இருந்தது. உருக்கம் இருந்தால் சுருதி விலகலாம், தாளம் தளரலாம் என்று சொல்கிறவர் கண்ணப்பரைத் துணைக்கு அழைக்க முடியாது. ஒகேனக்கல் அருவிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தால் சுருதியே காதில் விழாது. அந்த இரைச்சலில் எல்லா வாசிப்பும் நல்ல வாசிப்பாகவே தோன்றும். தன் உணர்ச்சியின் இரைச்சலில் வாசிக்கிறவரின் நிலையும் இதுதான். அன்பு உண்மையாக இருந்தால் அது கேட்கத் தொடங்கும். கேட்கத் தொடங்கினால் திருத்தத் தொடங்கும்.

நான்காவது மறுப்பை மேலே சொன்ன வாதமே அழைக்கிறது. பழகிய தவறு தன்னைக் காட்டாது என்றால், தனியாக அரை மணி உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? சித்தாந்தமும் உயிர் தானாக மலத்தைக் களைந்துவிடும் என்று சொல்லவில்லை. இறைவன் குருவாக வந்து உணர்த்த வேண்டும் என்கிறது. இது சரியான மறுப்பு, இதை முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும். குரு இல்லாத சிக்கனம் தவறான பாதையில் வேகமாகப் போவதாகவே முடியும். ஏற்றுக்கொண்ட பிறகு, குருவிடம் இருக்கும் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மாதம் இருமுறை பேருந்தேறித் தருமபுரிக்கோ சேலத்துக்கோ போய் ஆசிரியரைப் பார்க்கிறவர், வீட்டிலேயே செய்யக்கூடிய மனப்பாடத்தை அவர் முன் செய்தால் அந்தப் பயணம் வீண். வரவில்லை என்று தெரிந்த இடத்தைக் காட்ட வேண்டும். வருகிறது என்று தான் நம்பும் இடத்தையும் காட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மறைந்திருக்கும் தவறு அங்கேதான் இருக்கும். இடைப்பட்ட நாள்களில் கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்பது ஓரளவுக்கு வெளிக் காதாக உதவும். வாசிக்கும்போது கேட்காத பிசகு, ஓர் இரவு கழித்துப் பிறர் வாசிப்பைப் போலக் கேட்கும்போது தெரிந்துவிடுகிறது. கைபேசி குருவாகாது; குரு சொன்னதை நினைவூட்டும் சாட்சியாக இருக்க முடியும்.

கடைசி மறுப்பு மகிழ்ச்சியைப் பற்றியது. அரை மணி முழுவதும் தவறிய இடத்தையே சுரண்டிக்கொண்டிருந்தால் இசை எங்கே, இறைவன் முன் பாடும் ஆனந்தம் எங்கே? நியாயமான கேள்வி. புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாக மரபு சொல்லும் சரளி வரிசையிலிருந்து அலங்காரம் வரையிலான பாடத் திட்டமே இதற்குப் பாதி விடை. எளிய சுரக் கோவைகளை மூன்று காலத்திலும் வாசிக்கும் அந்தப் பயிற்சியில் திருத்தமும் இன்பமும் தனித்தனியாகப் பிரிக்கப்படவில்லை. முதற்காலத்தில் ஒவ்வொரு சுரமும் சுருதியில் சென்று ஒன்றும்போது கிடைக்கும் நிறைவு பெரிய கீர்த்தனையில் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல. மீதிப் பாதி விடை, பழகுவதையும் சமர்ப்பிப்பதையும் பிரித்து அறிவதில் இருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி தொடங்கிய பிறகு பிசகிய இடத்தில் நிறுத்தித் திருத்த முடியாது, பல்லக்கு நிற்காது. அங்கே வந்ததை வந்தபடி கொடுத்துவிட்டு மேலே போகத்தான் வேண்டும். அந்த விடுதலைக்கும் பழக்கம் தேவை. ஆகவே அரை மணியில் கடைசி ஐந்தாறு நிமிடத்தை, எது நேர்ந்தாலும் நிறுத்தாமல் முழுதாக வாசிப்பதற்கு ஒதுக்குவது அறிவுடைமை. முதல் சில நிமிடம் சுருதியோடு நீண்ட சுரங்கள். நடுவில் உடைகிற இரண்டு மூன்று இடங்களை மாற்றி மாற்றி, மெதுவாக. முடிவில் முழு வாசிப்பு. இந்த அடுக்கில் ஒப்புக்கொள்ளுதலும் திருத்துதலும் ஒப்புக்கொடுத்தலும் அடுத்தடுத்து வருகின்றன. இதையே வழிபாட்டின் அடுக்கு என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே, கணக்குப் பார்த்துச் செய்யும் சாதகம் வழிபாட்டுக்கு இழுக்கல்ல. கணக்குப் பார்க்காமல் தன் திறமையையே ரசித்துக்கொண்டிருக்கும் நீண்ட சாதகத்தில்தான் இழுக்கு ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். நேரம் தாராளமாக இருப்பவருக்கு இந்த அபாயம் தெரியாமலே போகலாம், ஏனென்றால் வீணான ஒரு மணி நேரத்தை இன்னொரு மணி நேரம் மூடிவிடும். அரை மணிக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு நாளும் தன் குறையைத் தேடிப் போய் நிற்க அவருடைய வறுமையே அவரைக் கட்டாயப்படுத்துகிறது. வறுமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. கலைஞருக்கு நேரம் கிடைக்கும்படி செய்வது கோயிலுக்கும் அரசுக்கும் ஊருக்கும் உள்ள கடமை; இராசராசன் நெல்லளந்து செய்ததை நம் காலத்துக்கு ஏற்ப யாராவது செய்துதான் ஆக வேண்டும். அது நடக்கும்வரை, வாசிக்க வருகிறவரை எடைபோடும் நம் பழக்கத்தையாவது மாற்றிக்கொள்ளலாம். ஆடித் திருவிழாவுக்கு மேளம் பேசுகிறவர்கள் 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் பண்ணுவீங்க?' என்று கேட்பதைவிட, 'நேத்து எந்த இடத்துல தப்பு வந்துச்சு?' என்று கேட்டுப் பார்க்கட்டும். முதல் கேள்விக்கு எவரும் பெரிய எண்ணைச் சொல்லிவிட முடியும். இரண்டாவதற்குத் தயங்காமல் பதில் சொல்லத் தெரிந்தவர், நேரம் எவ்வளவு இருந்தாலும், சாதகர்தான்.